உள்தோல் எந்தத் துறை?

என் கணவருக்குக் கொழுப்பு சரியான அளவில் இருந்ததுதான் இத்தனைக்கும் காரணம். கொஞ்சம் கூடுதலாக இருந்து தொலைத்திருந்தால் மரியாதையாக உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் படுக்கவைத்து, வேண்டியதைச் செய்திருப்பார்கள். நல்ல கொழுப்பும் கெட்ட கொழுப்பும் கட்டுக்குள் இருந்ததால் எட்டு மாதம் நாங்கள் அந்த இருதய நல நிலையத்தின் வராந்தாக்களில் அலைந்தோம்.

"நம்ம வீட்டுக் கொழுப்பு மொத்தமும் உங்கிட்டதான் இருக்கு" என்று இவர் என்னைக் கேலி செய்வார். இருக்கட்டும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இவர் பெயிண்டர். நான் கோட்டு தைக்கும் கடையில் லைனிங் வைப்பவள். ஒரு நாள் ஏணியில் மூன்றாவது படி ஏறும்போது நெஞ்சை யாரோ துணி பிழிவது போலப் பிழிந்ததாம். இறங்கி உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. மறுநாளும் மூன்றாவது படி, மறுபடி அதே பிழிசல். என்னிடம் சொல்லாமல் ஒரு வாரம் மறைத்தார். பக்கத்தில் வேலை செய்த கொத்தனார்தான் வந்து சொன்னார்.

எனக்குப் பயம் வந்தது. காரணம் இவருடைய அண்ணன். அவரும் பெயிண்டர். நாற்பத்தொன்பது வயதில் சாரத்தின் மேலேயே உட்கார்ந்தவாக்கில் போய்விட்டார். கீழே இறக்கிப் பார்த்தபோது சட்டைப் பையில் அந்த நிலையம் கொடுத்த பச்சை அட்டை இருந்தது. அட்டையில் "நலம்" என்று முத்திரை. முத்திரை குத்தி இருபது நாள்கூட ஆகவில்லை. இவருக்கு அப்போது நாற்பத்தெட்டு முடிந்து நாலு மாதம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தேன், எட்டு மாதம் இருந்தது.

நிலையத்தின் வாசலில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: "கொழுப்பே குற்றவாளி." ஒவ்வோர் எழுத்தும் ஓர் ஆள் உயரம். உள்ளே போனதும் முதல் வேலை இடுப்பை அளப்பது. அளந்த அம்மாள் டேப்பைச் சட்டைக்கு மேலே, இடுப்பு வாருக்கும் மேலே பிடித்து அளந்தார். நாங்கள் அப்படி அளந்தால் அன்றைக்கே கடையை விட்டு அனுப்பிவிடுவார்கள். "ரெண்டு அங்குலம் தப்பு மேடம்" என்றேன். "எல்லாருக்கும் அதே தப்புதாம்மா, அதனால பாதகமில்ல" என்றார்.

பிறகு ரத்தம் எடுத்தார்கள். மதியம் முடிவு வந்தது. கவுன்டரில் இருந்தவர் பச்சை அட்டையை எடுத்து, முத்திரையை ஊதி, ஓங்கி ஒரு குத்து குத்தினார். நலம். அன்றிலிருந்து அவருக்கு எங்கள் வீட்டில் முத்திரைக்காரர் என்று பெயர்.

"சார், இவருக்கு ஏணி ஏறினா நெஞ்சு வலிக்குது" என்றேன்.

"அப்போ ஏற வேண்டாம்னு சொல்லுங்க."

"இவர் பெயிண்டர் சார்."

"தரையில நின்னு அடிக்கிற மாதிரி வீடா பாத்து எடுத்துக்கச் சொல்லுங்கம்மா. கொழுப்பு நார்மல். அடுத்த ஆள்!"

அண்ணனுடைய அட்டையை எடுத்து மேசையில் போட்டேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் நாங்க கொடுத்ததுதான். ரெண்டும் சரியாத்தான் இருக்கு. அவர் கொழுப்பால சாகல பாருங்க" என்றார், ஆறுதல் சொல்கிறவர் போல.

நான் போட்ட கூச்சலில் ஓர் அறைக் கதவு திறந்தது. சின்ன டாக்டரம்மா வெளியே வந்தார். வயதில் சின்னவர், பதவியிலும் சின்னவர், அதனால் காது கேட்டது. இவரை உட்காரவைத்து, அண்ணன் கதையை முழுக்கக் கேட்டு, இன்னொரு சோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் அழற்சிப் புரதம் என்று ஒன்று இருக்கிறதாம். மூன்றுக்குள் இருக்க வேண்டும். இவருக்கு ஒன்பது. மறுபடி எடுத்துப் பார்த்தார், ஒன்பதரை.

"அப்படின்னா என்னம்மா?" என்று கேட்டார் இவர்.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்குங்க. வழுவழுன்னு இருக்கணும். உடம்புல அழற்சி இருந்துட்டே இருந்தா, சில புரதங்கள் அந்தத் தோலைப் பிசுபிசுன்னு ஆக்கிடும். ஓடிட்டிருக்கற வெள்ளணு அதுல ஒட்டிக்கிட்டு உள்ள நுழையும். உள்ள போய்க் கொழுப்பைத் தின்னு தின்னு வீங்கி அங்கேயே தங்கிடும். மேல ஒரு மூடி படியும். அந்த மூடியையும் இதே புரதங்கள் அரிக்கும். என்னைக்காவது மூடி கிழிஞ்சா ரத்தம் உறைஞ்சு பொசுக்குனு அடைச்சிரும்."

"கொழுப்பு நார்மல்னு சொன்னாங்களே?"

"கொழுப்பும் வேணும்தாங்க. ஆனா தோல் கெட்டுப் போச்சுன்னா நார்மல் கொழுப்பே போதும்."

"புரிஞ்சுது. சுவத்துக்குள்ள ஈரம் ஏறி ஓதம். மேல பெயிண்ட் நல்லாத்தான் இருக்கும், ஒரு நாள் கொப்புளம் கட்டி உரிஞ்சுடும்" என்றார் இவர்.

"அதேதான்!" என்றார் டாக்டரம்மா. அந்தக் கட்டிடத்தில் எங்களுக்கு விஷயம் புரிந்ததும், எங்களைப் புரிந்துகொண்டதும் அந்த ஒரு தடவைதான்.

குழாயைப் படம் பிடித்துப் பார்க்க ஆஞ்சியோ வேண்டும். அதற்கு ஃபாரம் உண்டு. ஃபாரத்தில் காரணம் என்ற கட்டத்தில் கொழுப்பின் அளவை மட்டும்தான் எழுத முடியும். சின்ன டாக்டரம்மா புரதத்தின் அளவை ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முத்திரைக்காரர் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ஓரத்துல எழுதினா அது ஓரம்தாம்மா. உள்ள வராது."

"அப்போ கட்டத்துல எழுதிக் கொடுங்க சார்."

"கட்டத்துல எழுதணும்னா அது எந்தத் துறையோட கட்டம்னு தெரியணும். உள்தோல் எந்தத் துறை?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வரச் சொன்னார்.

முதலில் ரத்தப் பிரிவுக்குப் போனோம். அங்கே இருந்த பெரிய டாக்டர் மிகவும் அன்பானவர், உட்காரச் சொன்னார். "ரத்தம் எங்களோடது. ரத்தம் ஓடும்போது எதுல உரசுதோ அது எங்களோடது இல்ல. உரசுறதெல்லாம் நாங்க பாத்தா நாளைக்கு ஊசியையும் பஞ்சையும் நாங்கதான் பாக்கணும்." அடுத்து குழாய்ப் பிரிவுக்குப் போனோம். "குழாய்னா சுவருங்க. உள்பக்கத் தோல்ல எப்பவும் ரத்தம் பட்டுக்கிட்டே இருக்கு, அது ரத்தப் பிரிவுதான்" என்றார் அங்கிருந்தவர்.

எனக்குக் கோபம் வந்தது. "சார், நான் இருபத்திரண்டு வருஷமா கோட்டுக்கு லைனிங் தைக்கிறேன். லைனிங் யாரோடதுன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. அது கோட்டோடது. லைனிங் கிழிஞ்சா கோட்டைத்தான் கொண்டுவராங்க" என்றேன்.

அவர் ரசித்துச் சிரித்தார். "நல்லா பேசறீங்கம்மா. இதை எழுத்துமூலமா கொடுங்களேன், பரிசீலிக்கலாம்."

எழுத்துமூலமாகக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து பதில் வந்தது. கோட்டுகள் நிலையத்தின் வரம்புக்குள் வருவதில்லை என்று இருந்தது.

இதற்கிடையில் யாரோ பழைய விதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அழற்சிப் புரதம் கூடியிருந்தால், அது உடம்பில் வேறு எங்கோ இருக்கிற அழற்சியால் கூடியிருக்கலாம் அல்லவா? நியாயம்தான். ஆகவே நோயாளி பல், மூக்கு, மூட்டு, தோல் ஆகிய நான்கு இடங்களிலும் "இங்கே அழற்சி இல்லை" என்று சான்றிதழ் வாங்கி வர வேண்டும். ஒவ்வொரு சான்றிதழும் ஏழு நாளுக்குச் செல்லும். ஒவ்வொரு பிரிவும் வாரத்தில் ஒரு நாள்தான் உட்காரும். மூக்கும் மூட்டும் ஒரே கிழமை, ஒரே நேரம், எதிரெதிர் கட்டிடம்.

நாங்கள் பட்ட பாட்டை எழுத ஒரு நோட்டுப் புத்தகம் போதாது. மூட்டில் இவர் வரிசையில் நின்றார், மூக்கில் நான் நின்றேன். "மூக்கைக் காட்டுங்க" என்றார்கள். "மூக்கு எதிர்க் கட்டிடத்துல மூட்டைக் காட்டிட்டிருக்கு" என்றேன். நாலாவது வாரம் மூன்று சான்றிதழ் கையில் வந்தது. மீதி பல்தான். பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "ஒரு கடைவாய்ப் பல் மேல லேசா சந்தேகம். சந்தேகம் இருக்கும்போது நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லி அதைப் பிடுங்கிவிட்டார். பிடுங்கிய இடம் சிவந்து வீங்கியது. மறுவாரம் போனால், "ஈறுல அழற்சி இருக்கே, எப்படிச் சான்றிதழ் தர்றது?" என்றார்.

அது ஆறுவதற்குள் மற்ற மூன்றும் காலாவதி ஆகிவிட்டன. நல்ல பல்லும் போய், சான்றிதழும் போய், இவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். "விடு, எனக்கு ஒண்ணும் இல்லன்னு அட்டையிலயே போட்டிருக்காங்க" என்றார். அழுகையாக வந்தது எனக்கு. கூடவே அந்த அட்டையைக் கிழித்து முத்திரைக்காரர் வாயில் திணிக்கலாம் போலவும் வந்தது.

ஐந்தாவது மாதம் எங்களுக்கு அழைப்பு வந்தது. "அழற்சிப் புரதம்: குற்றவாளியா, சாட்சியா?" என்று முடிவு செய்ய நிலையத்தில் ஒரு குழு இருக்கிறதாம். பன்னிரண்டு பேர். பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறார்கள். விதிப்படி கூட்டத்தில் உண்மையான நோயாளி ஒருவர் இருக்க வேண்டும், ஆனால் பேசக் கூடாது. இவரைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

ஓர் உறுப்பினர் எழுந்தார். "தீப்பிடிச்ச வீட்டு வாசல்ல எப்பவும் தீயணைப்பு வண்டி நிக்குது. அதுக்காக வண்டிதான் தீ வெச்சுதுன்னு சொல்லலாமா?" கைதட்டல். இன்னொருவர் எழுந்தார். "அந்த வண்டியில தண்ணிக்குப் பதிலா பெட்ரோல் இருந்தா?" அதற்கும் கைதட்டல். மூன்றாமவர், புரதம் ஒன்றல்ல என்றும், சிலது சாட்சி, சிலது நேரடியாகக் கைவைக்கிற குற்றவாளி என்றும், வெளியில் உலகம் இதை எப்போதோ பேசி முடித்துவிட்டது என்றும் சொன்னார். யாரும் கைதட்டவில்லை. அவருக்கு மட்டும் தேநீர் வரவில்லை என்பதையும் கவனித்தேன்.

கடைசியாகத் தலைவர் பேசினார். அவர்தான் நிலையத்தின் இயக்குநர். வாசல் கல்லில் இருப்பது அவருடைய வாசகம்.

"நண்பர்களே, முப்பது வருஷமா நான் கொழுப்பைப் பத்தித்தான் பேசிட்டு வரேன். அது உண்மை. இன்னைக்கும் உண்மை. ஆனா இன்னொண்ணும் இருக்குன்னு இப்போ ஒத்துக்கிட்டா என்ன ஆகும்? நான் இதுவரைக்கும் சொன்னது பாதின்னு ஆயிடும். அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறறேன். பாதி சொன்னவனா என்னால ஓய்வு பெற முடியாது. அதனால இதைத் தீர ஆராயணும். அவசரமே கூடாது. நோயாளிகள் இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்கு இருக்க மாட்டாங்க. நிலையம் என்னைக்கும் இருக்கணும்."

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். இவரும் எழுந்து நின்று தட்டினார். "என்னங்க நீங்க!" என்று கையைப் பிடித்து இழுத்தேன். "எல்லாரும் எழுந்தாங்களே" என்றார் பாவம்.

அன்று மாலை முடிவு தட்டச்சாகி வந்தது. விஷயம் இன்னும் ஆராயப்படும். அதுவரை உள்தோலுக்கென்று தனித் துறை ஒன்று தொடங்கப்படும். நான் சந்தோஷத்தில் முத்திரைக்காரருக்கே நன்றி சொன்னேன். தன் வேலைக்கு மீறி ஓரத்தில் எழுதியதற்காகச் சின்ன டாக்டரம்மாவைத் தண்டனையாக அவசரப் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். அதுவும் அதே தாளில் கீழே இருந்தது.

புதுத் துறைக்கு அறை வேண்டும். ரத்தப் பிரிவுக்கும் குழாய்ப் பிரிவுக்கும் நடுவில் உடைந்த நாற்காலி போட்டு வைத்திருந்த ஓர் அறை இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சுவருக்கு வண்ணம் அடிக்க வேண்டும். இவருடைய ஃபாரத்தில் "தொழில்: பெயிண்டர்" என்பது சரியான கட்டத்துக்குள் எழுதப்பட்டிருந்ததால் அது உடனே அவர்கள் கண்ணில் பட்டது. எட்டு மாதத்தில் எங்கள் ஃபாரத்தை அவர்கள் முழுதாகப் படித்தது அப்போதுதான்.

"அறை திறந்தா முதல் ஆள் நீங்கதாங்க" என்றார் பராமரிப்பு அதிகாரி. அதற்காகவே இவர் ஒத்துக்கொண்டார். நான் வேண்டாம் என்றேன், சண்டை போட்டேன். "சீக்கிரம் அடிச்சா சீக்கிரம் திறப்பாங்க. இதுல எனக்குத்தானே லாபம்?" என்றார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்துக்கொள்ளப் போனேன்.

குழாய்ப் பிரிவுப் பக்கச் சுவரில் கையை வைத்ததுமே இவர் முகம் மாறியது. "சார், உள்ள ஓதம் இருக்கு. எங்கயோ தண்ணிக் குழாய் கசியுது. சுரண்டி, கசிவை அடைச்சு, காயவெச்சுட்டு அடிக்கணும். இல்லன்னா நிக்காது."

"சுரண்டறதுக்கு அனுமதி இல்ல. அடிக்கறதுக்குத்தான் அனுமதி வந்திருக்கு" என்றார் அதிகாரி.

"மேல அடிச்சா உள்ள இன்னும் கெடும் சார்."

"விழா அன்னைக்குப் பளிச்சுனு இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இவர் அடித்தார். இளம் பச்சை, அட்டையின் நிறம். மூன்றாவது படியில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவார், ஐந்தாவதில் இன்னொரு தடவை. நான் கீழே நின்று இவர் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவருக்கு நாற்பத்தொன்பது பிறக்க ஒன்பது நாள் இருந்தது.

விழா அன்று காலை, பத்து மணித் திறப்புக்கு நாடா கட்டியாயிற்று. ஒன்பதரைக்குச் சுவரில் தட்டு அகலத்துக்கு ஒரு கொப்புளம் கிளம்பிவிட்டது. "ஏம்பா, இதைக் கொஞ்சம் தட்டிவிடு, இயக்குநர் வந்துட்டிருக்கார்!" என்று அதிகாரி கத்தினார். இவர் அவசரமாக ஏணியில் ஏறினார். நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் ஐந்தாவது படிக்குப் போய்விட்டார். அங்கே நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பிரஷ் முதலில் விழுந்தது, பிறகு அவர் விழுந்தார்.

ஐயோ என்று நான் அலறியது எனக்கே கேட்கவில்லை. "உள்தோல் துறையில யாராவது பாருங்களேன்!" என்று யாரோ கத்தினார்கள். "இன்னும் திறக்கலையே" என்று யாரோ பதில் சொன்னார்கள். இரண்டு துப்புரவுப் பணியாளர்கள்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நாடா குறுக்கே இருந்தது. கத்தரிக்கோலைத் தட்டில் ஏந்தி நின்றிருந்த பெண்ணிடமிருந்து அதைப் பிடுங்கி நானே வெட்டினேன். ஆக, அந்தத் துறையைத் திறந்துவைத்தது நான்தான்.

அவசரப் பிரிவில் ஃபாரம் கிடையாது. பல் கேட்கவில்லை, மூக்கு கேட்கவில்லை. அங்கே சின்ன டாக்டரம்மாதான் ஓடிவந்து ஸ்ட்ரெச்சரைப் பிடித்தார். இருபது நிமிடத்தில் படம் எடுத்து, அடைப்பைப் பார்த்து, ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டு மாதம் நான் கெஞ்சிய படம் அது. உயிர் தப்பிவிட்டது. இருதயத்தின் ஒரு பக்கம் மட்டும் செத்துவிட்டது. "இனிமே ஏணி ஏறக் கூடாதும்மா" என்று சொல்லும்போது டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு ஒரே உறையில் இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதம்: "தாங்கள் கோரிய பரிசோதனை, வரக்கூடிய மாரடைப்பைத் தடுப்பதற்கானது. மேற்படி மாரடைப்பு வந்துவிட்டபடியால் தங்கள் கோரிக்கை முடித்துவைக்கப்படுகிறது." இரண்டாவது கடிதம்: "தாங்கள் வண்ணம் பூசிய சுவர் உரிந்துள்ளது. ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து சரிசெய்யவும்."

இவர் இரண்டையும் படித்துவிட்டு மடித்து வைத்தார். "சுரண்டாம அடிச்சா உரியத்தான் செய்யும்" என்றார். அதுவும் மெதுவாக, அடுத்த வீட்டுச் சுவரைப் பற்றிச் சொல்வது போல.

அப்போதுதான் என் கொழுப்பு மொத்தமும் தலைக்கு ஏறியது. இவருடைய பையிலிருந்து சுரண்டுகிற தகட்டையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடிதத்தைக் காட்டினேன், உள்ளே விட்டார்கள். அந்த அறையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, இயக்குநர் படம். நோயாளி யாரும் இல்லை. நான்கு சான்றிதழும் சேர்ந்தவர் இன்னும் வரவில்லையாம். மூலையில் கிடந்த ஏணியைச் சாத்தி ஏறினேன். உரிந்த இடத்தில் தகட்டை வைத்து இழுத்தேன். பச்சை பாளம் பாளமாக வந்தது. அதற்கடியில் பட்டி, அதற்கடியில் பூச்சு, எல்லாம் ஊறிய ரொட்டி மாதிரி விழுந்தது. சுத்தியலால் நாலு போடு போட்டேன். செங்கல் நகர்ந்தது. உள்ளே துருவேறிய குழாய் ஒன்று, இத்தனை நாளும் இத்துப் போய்க் கசிந்துகொண்டிருந்தது, பீய்ச்சி அடிக்க ஆரம்பித்தது.

தண்ணீர் இரண்டு பக்கமும் ஓடியது. ரத்தப் பிரிவிலிருந்தும் குழாய்ப் பிரிவிலிருந்தும் ஃபைலைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். முத்திரைக்காரர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"என்னம்மா அநியாயம் இது! அந்தச் சுவர் எந்தத் துறையோடதுன்னே இன்னும் முடிவாகல, அதுக்குள்ள கை வெச்சுட்டீங்க!"

"முடிவு பண்ணிட்டு எழுத்துமூலமா சொல்லுங்க சார்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என் தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். மடியில் பச்சைச் செதில்கள். இவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார்.

"சுரண்டினியா?"

"சுரண்டிட்டேன்."

"உள்ள என்ன?"

"ஓதம்தாங்க."

இவர் தட்டிவிட்ட கையைத் தன் நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார்.